மலைவீதியும் ஆசனப் பட்டியும்: பூனாகலையிலிருந்து ஒரு வாகனப் பாதுகாப்பு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

இலங்கையின் ஆசனப் பட்டிச் சட்டம் காரை மனத்தில் வைத்துப் பிறந்தது. அது சாரதியையும் முன்னாசனப் பயணியையும் முதலில் காத்தது. 2025இல் அதிவேக வீதிகளில் செல்லும் பயணிகள் வரை விரிந்தது. ஊவாவின் தோட்டப்புற மக்கள் பயணிப்பதோ பஸ், வேன், முச்சக்கர வண்டி, தோட்டத்து லொறி ஆகியவற்றில். அவர்களது வீதி முடக்குகளும் பள்ளங்களும் நிறைந்தது. மலைவீதியில் உயிரைப் பறிக்கும் முதன்மையான ஆபத்து, வாகனம் புரளும்போது உடல் எறியப்படுவது. ஆகவே இங்கு பாதுகாப்பின் வரிசை வீதியோரத் தடுப்பு, உறுதியாகப் பிணைத்த ஆசனம், ஆசனப் பட்டி, அதன் பின்னரே காற்றுப் பை என அமைய வேண்டும் என்றும், பொறுப்பின் பெரும்பங்கு வாகனத்தை வழங்குவோரைச் சேரும் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: ஆசனப் பட்டி, காற்றுப் பை, மலைவீதி, பூனாகலை, ஊவா, பெருந்தோட்டப் போக்குவரத்து

1. சிக்கல்

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு ஏறி, அங்கிருந்து கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் வீதியில் சென்றவர்களுக்கு இக்கட்டுரையின் களம் புதிதன்று. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. எதிரே கொழுந்து லொறி வந்தால் இரண்டில் ஒன்று ஓரம் கட்டி நிற்க வேண்டும். வீதி மட்டுமல்ல, அதைத் தாங்கும் மண்ணும் நிலையற்றது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவையும், 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் குடியிருப்புகளைத் தாக்கிய சரிவையும் இப்பகுதி மறக்கவில்லை. சரியும் மண் வீட்டை மட்டும் தாக்குவதில்லை, வீதியையும் குறுக்குகிறது.

அதற்குப் பசறையே சான்று. 2021 மார்ச் 20 காலை, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் பாய்ந்தது. இறந்தோர் 14 பேருக்குக் குறையவில்லை. அவ்விடத்தில் மேட்டிலிருந்து சரிந்த பாறை வீதியின் ஒரு பகுதியை அடைத்துக் கிடந்தது. எதிரே வாகனம் வந்தபோது பஸ்ஸுக்கு எஞ்சியது பள்ளத்தின் விளிம்புதான். 2023 ஜனவரி 20இல் நானுஓயாவில் சுற்றுலா பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியதில் ஏழு பேர் மாண்டனர். அனைவரும் அந்தச் சிறு வாகனங்களில் இருந்தவர்கள். 2025 மே 11இல் கொத்மலை கெரண்டிஎல்லவில் இலங்கை போக்குவரத்துச் சபை பஸ் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 4 இரவு, எல்ல–வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்கள் சென்ற பஸ் பாதுகாப்பு வேலியை உடைத்துக்கொண்டு ஏறத்தாழ ஆயிரம் அடிப் பள்ளத்தில் வீழ்ந்தது. 15 பேர் உயிரிழந்தனர்.

நான்கு விபத்துகளின் காரணங்களும் வெவ்வேறு. ஆனால் மாண்டவர்கள் கார்களின் முன்னாசனத்தில் இருந்தவர்கள் அல்லர். பஸ்ஸில், வேனில், கதவில்லாத முச்சக்கர வண்டியில் இருந்தவர்கள். பாதுகாப்புச் சட்டம் அவர்கள் உட்கார்ந்த இடத்துக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதே நம் வினா.

2. சட்டம் நடந்து வந்த பாதை

இடுப்பையும் மார்பையும் சேர்த்துப் பிடிக்கும் மும்முனைப் பட்டியைச் சுவீடனின் வொல்வோ நிறுவனத்தில் பொறியியலாளர் நில்ஸ் போலின் 1959இல் உருவாக்கினார். பிற நிறுவனங்களும் பயன்படுத்தும்படி அதன் காப்புரிமை திறந்துவிடப்பட்டது. அணிவதைக் கட்டாயமாக்கிய முதல் சட்டம் 1970இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வந்தது. பிரித்தானியா முன்னாசனத்துக்கு 1983இலும் வளர்ந்தோரின் பின்னாசனத்துக்கு 1991இலும் அதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுப் பணிப்புரை, பட்டி பொருத்திய பஸ்களில் அமர்ந்து செல்வோரும் அணிய வேண்டும் என்றது. முன்னாசனத்திலிருந்து பின்னாசனம், காரிலிருந்து பஸ் என்று அங்கெல்லாம் சட்டம் படிப்படியாக நடந்திருக்கிறது.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், சாரதிக்கும் முன்னாசனப் பயணிக்கும் பட்டி கட்டாயமானது 2011இல். பஸ் சாரதிகளுக்கு 2025 ஜூலை முதலாம் திகதி முதல் கட்டாயம். அதே ஆண்டில் அதிவேக வீதிகளில் எல்லாப் பயணிகளும் அணிய வேண்டும் என்ற விதியும் வந்தது. நல்ல விதிதான். ஆனால் பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட ஊவாவில் அதிவேக வீதி ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. பின்னாசனத்துக்கு வந்த பாதுகாப்பு, மலையடிவாரத்துக்கு வருமுன்னரே நின்றுவிட்டது.

வாகனத் தரத்திலும் இதே தாமதம்தான். முன்னாசனங்களுக்குக் காற்றுப் பை, சக்கரம் பூட்டிக்கொள்ளாத தடுப்பு முறை, மும்முனைப் பட்டி ஆகியவை இல்லாத வாகனங்களின் இறக்குமதி 2018 ஜனவரியிலிருந்து தடைசெய்யப்படும் என அவ்வாண்டின் வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வாகனங்களே கைமாறின. தோட்டத்துச் சந்தியில் வாடகைக்கு நிற்கும் வேன் அவ்வரிசையின் கடைசியில் நிற்பது.

3. உடலும் விசையும்

மணிக்கு 40 கிலோமீற்றர் என்பது மலைவீதியில் சாதாரண வேகம். அவ்வேகத்தில் செல்லும் உடல் திடீரென நிறுத்தப்படுவது, ஆறு மீற்றருக்கும் சற்று மேலான உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது இரண்டு மாடி வீட்டின் கூரையிலிருந்து விழுவது. 60 கிலோமீற்றரானால் அவ்வுயரம் 14 மீற்றர்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 40 கிலோமீற்றர் வேகத்தில் சென்று, முன்னிருக்கும் இரும்புக் கம்பியில் மோதிப் பத்து சென்ரிமீற்றருக்குள் நின்றால், அவரது உடல் தாங்கும் விசை ஏறத்தாழ 3,800 கிலோ எடைக்கு நிகர். பட்டி அணிந்தவர், பட்டியின் நெகிழ்வோடும் வாகன முகப்பின் நசுங்கலோடும் 60 சென்ரிமீற்றர் தூரத்தில் நின்றால் அது ஏறத்தாழ 630 கிலோவாகக் குறைகிறது. அதையும் எலும்பு வலுவான இடுப்பும் மார்புக்கூடும் பகிர்ந்து ஏற்கின்றன. நிற்கும் தூரத்தை நீட்டுவதே பட்டியின் வேலை. முன்னாசனத்தில் இருப்போரின் மரண ஆபத்தை அது ஏறத்தாழப் பாதியாகவும் பின்னாசனத்தில் கால்பங்கும் குறைப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது.

நம் பெண்கள் வேன்களில் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே கிளினிக்குக்குப் போகிறார்கள். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தை, 40 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 30 சென்ரிமீற்றருக்குள் நிறுத்தப்பட்டால், தாயின் கைகள் ஏறத்தாழ 170 கிலோவைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். நாளொன்றுக்கு 18, 20 கிலோ கொழுந்து பறித்துச் சுமக்கும் வலுவான கைகளாலும் அது முடியாது. அது தாயின் குறை ஆகாது. மனித உடலின் எல்லை அவ்வளவே.

இதுவரை சொன்னது நேர்மோதல். மலைவீதியின் தனிக்கேடு புரள்தல். புரளும் வாகனத்தில் விசை ஒரு திசையில் வருவதில்லை. உடல் கூரைக்கும் தரைக்கும் எறியப்பட்டு, கண்ணாடியோ கதவோ திறந்த இடத்தால் வெளியே போகிறது. அமெரிக்கத் தரவுகளில், உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் வாகனத்திலிருந்து முழுதாக வெளியே எறியப்பட்டோரில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் இறந்துள்ளனர். எறியப்படாமல் இருக்கையோடு பிடித்து வைப்பது பட்டி ஒன்றுதான்.

சாரதிக்கு இது இன்னும் முக்கியம். முடக்கில் பஸ் சாயும்போது சாரதி ஆசனத்திலிருந்து சறுக்கினால், சுக்கானும் தடுப்பு மிதியும் அவர் பிடியிலிருந்து நழுவும். பஸ்ஸைக் காக்கக்கூடிய கடைசி விநாடிகள் அவையே. சாரதியின் பட்டி அவர் உயிரை மட்டுமன்றி அவருக்குப் பின்னால் இருக்கும் ஐம்பது பேரையும் பிடித்து வைக்கிறது.

4. காற்றுப் பையின் எல்லை

காற்றுப் பை பற்றி மக்களிடம் மிகையான நம்பிக்கை உண்டு; பை இருந்தால் பட்டி வேண்டாம் என்பாரும் உண்டு. பை பட்டிக்குத் துணையாக அமைக்கப்பட்டது. மோதலை உணர்கருவி கண்டறிந்ததும், இரசாயன எரிபொருள் வாயுவாக மாறி, ஒரு விநாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் பை விரிகிறது. பட்டி அணியாதவர் அதற்குள் முன்னோக்கிச் சரிந்திருப்பார்; விரியும் பை அவர் முகத்தையும் கழுத்தையும் அடிக்கும். மடியில் குழந்தையோடு முன்னாசனத்தில் அமர்வது இதனால்தான் இரட்டை ஆபத்து. பின்னோக்கிய குழந்தை இருக்கையைச் செயற்படும் பைக்கு முன்னால் ஒருபோதும் வைக்கலாகாது.

முன்புறப் பை நேர்மோதலுக்கானது. விரிந்து சில கணங்களில் சுருங்கிவிடும். நான்கைந்து தடவை புரளும் வாகனத்தில் இரண்டாம் புரளலுக்கு அது இல்லை. புரளலை உணர்ந்து பக்கவாட்டில் திரைபோல் விரியும் பைகள் உள்ளன. அவை தோட்டத்து மக்கள் ஏறும் வாகனங்களில் இல்லை. பழைய இறக்குமதி வாகனங்களில் இன்னுமோர் ஆபத்தும் உண்டு. ஜப்பானின் டகாட்டா நிறுவனத்தின் பைகளில் பயன்பட்ட அமோனியம் நைத்திரேற்று, வெப்பத்திலும் ஈரத்திலும் நாட்பட்டுச் சிதைந்து, பை விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான வாகனங்கள் திருப்பியழைக்கப்பட்டன. ஜப்பானில் ஓடிய வாகனங்களை வாங்கி, வெப்பமும் ஈரமும் உள்ள நாட்டில் பல்லாண்டு ஓட்டும் நமக்கு இது அயல்நாட்டுச் செய்தியாகாது. வாகனம் வாங்குவோர் அதன் அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு திருப்பியழைப்புப் பட்டியலைப் பார்ப்பதும், முகப்பில் காற்றுப் பை விளக்கு அணையாமல் எரிகிறதா என்று கவனிப்பதும் அவசியம்.

5. மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு நம் மக்களிடமிருந்தே வருகிறது: பஸ் பள்ளத்தில் போனால் பட்டி கட்டியவன் உள்ளே மாட்டிக்கொள்வான், கட்டாதவன் பாய்ந்து தப்புவான். பலர் கண்ணால் கண்ட ஓரிரு உயிர்தப்பல்கள் இந்நம்பிக்கைக்கு வேர். தப்பியவர் வந்து கதை சொல்வார். பாய்ந்து வாகனத்தின் அடியில் நசுங்கியவர் சொல்ல வரமாட்டார். புரளும் வாகனத்தில் பாயும் இடத்தைத் தெரிவு செய்ய யாருக்கும் நேரமில்லை. உணர்வோடு எஞ்சியவரே பட்டியைக் கழற்றி வெளியேற முடியும். உணர்வோடு எஞ்ச வைப்பது பட்டி.

இரண்டாவது மறுப்பு வலுவானது: ஆயிரம் அடிப் பள்ளத்தில் பட்டி என்ன செய்யும்? அங்கு பட்டி மட்டும் போதாது. அதனாலேயே வீதியோரத் தடுப்பை இக்கட்டுரை முதலில் வைக்கிறது. எல்ல வீதியில் வேலி இருந்தது. பஸ்ஸின் எடைக்கு அது ஈடுகொடுக்கவில்லை. ஆனால் மலைவீதி விபத்துகள் யாவும் ஆயிரம் அடி ஆழமானவை அல்ல. மண்மேட்டில் மோதுவதும், வீதியிலேயே கவிழ்வதும், தேயிலைச் சரிவில் ஒரு புரள் புரண்டு நிற்பதும் நடக்கின்றன. பட்டி உயிர்காப்பது அங்கே.

மூன்றாவது: நின்றுகொண்டு போகிறவருக்குப் பட்டி எதற்கு? காலையில் பாடசாலை மாணவரும் நகரத்து வேலைக்குப் போகும் இளைஞரும் ஒரே பஸ்ஸில் திணிக்கப்படுகின்றனர். சிலர் மிதிபலகையில் தொங்குகின்றனர். இது பட்டிக்கு எதிரான வாதமாகத் தோன்றினும், போதிய பஸ் சேவைக்கான வாதமே. உட்கார இடமில்லாத மக்களுக்குப் பட்டியைப் பற்றி உபதேசிப்பது பொருளற்றது.

6. பொறுப்பு யாருடையது

அணியாதவருக்குத் தண்டம் விதிக்கும் சட்டம், அணியப் பட்டி இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. பூனாகலைப் பஸ் பயணிக்கு அது இல்லை. எனவே பொறுப்பு, ஆசனத்தை வழங்குபவரிடம் தொடங்க வேண்டும். மலைப்பாங்கான ஹொங்கொங்கில் 2018 பெப்ரவரியில் மாடி பஸ் ஒன்று கவிழ்ந்து 19 பேர் இறந்தபின், புதிய பஸ்களின் எல்லா ஆசனங்களுக்கும் பட்டி பொருத்துவது நடைமுறையானது. முதலில் பொருத்துவது, பின்னரே அணியச் சொல்வது என்ற வரிசை நமக்கும் ஏற்றது.

இவ்வடிப்படையில் நான்கு செயல்கள் உடனடியாக இயலும். ஒன்று, தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவும் ஊவா மாகாணத்தின் போக்குவரத்து அதிகாரிகளும் வழித்தட அனுமதி புதுப்பிக்கும்போது, முதல் வரிசை, கதவோரம், கடைசி வரிசையின் நடு ஆகிய எறியப்படும் ஆபத்து மிகுந்த ஆசனங்களுக்கு முதலில் பட்டி கேட்கலாம். இரண்டு, வருடாந்தத் தகுதிச் சான்றிதழ்ப் பரிசோதனையில் ஆசனம் தளத்தோடு பிணைக்கப்பட்ட ஆணிகளையும் சோதிக்க வேண்டும். ஆசனமே பெயர்ந்து வந்தால் பட்டி பயனற்றது. மூன்று, தோட்ட நிர்வாகங்கள் தொழிலாளரைக் கொழுந்து லொறியிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் ஏற்றுவதை நிறுத்தி, பட்டியுள்ள ஆசன வாகனம் தர வேண்டும். சம்பளப் பேச்சுகளில் தொழிற்சங்கங்கள் இதையும் வைக்க வேண்டும். நான்கு, வீதி அபிவிருத்தி அதிகாரசபை முடக்குகளில் பஸ்ஸின் எடையைத் தாங்கும் தடுப்புகளை அமைத்து, சரிந்து விழும் பாறையை அன்றைக்கே அகற்ற வேண்டும். பசறையின் பாறை கற்பித்த பாடம் அது.

7. முடிவு

ஆண்டுதோறும் இந்நாட்டின் வீதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிகின்றனர். அவர்களைக் காக்கும் கருவி அறுபதாண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டு, எவரும் பயன்படுத்த விடப்பட்டது. அதிவேக வீதியில் செல்லும் பயணியின் உயிருக்குச் சட்டம் தந்த மதிப்பை, பூனாகலை முடக்கில் செல்லும் பயணியின் உயிருக்கும் தர வேண்டும். பஸ் உரிமையாளரும் தோட்ட நிர்வாகமும் அதிகாரசபைகளும் பட்டியைப் பொருத்தட்டும். பொருத்திய அன்றே நம் மக்கள் அதை அணியட்டும். அதுவரை, வேனில் ஏறும் ஒவ்வொருவரும் இருக்கையின் இடுக்கில் புதைந்து கிடக்கும் பட்டியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும். குழந்தையைப் பின்னாசனத்தில் உட்கார வைக்க வேண்டும்.