பாப் ஸ்மியரும் ஒரு வீட்டுக்காரம்மாவும்

'முப்பது தாண்டியாச்சு, ஒரு பாப் ஸ்மியர் எடுத்துப் பாத்துடுங்க'ன்னு டாக்டரம்மா சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்த 'பாப்', ஜார்ஜ் பாப்பனிகொலாவ் என்ற கிரேக்க டாக்டர் பேரோட சுருக்கம். ஆனா நான் சொல்ல வந்தது அவர் மனைவி ஆண்ட்ரமாக்கி பத்தி.

1913ல் ரெண்டு பேரும் சொற்பக் காசோட நியூயார்க்ல வந்து இறங்கினாங்க. அந்தம்மா ஒரு கடையில பட்டன் தைச்சாங்க. அப்புறம் புருஷனோட ஆய்வுக்கூடத்துலயே சம்பளமில்லாத வேலை. கினிப்பன்றிக்கு எப்போ கருமுட்டை வெளிவருதுன்னு, சுரண்டியெடுத்த செல்களை வெச்சே 1917ல் சொன்னவர் அவர். அடுத்து பெண்கள்கிட்ட பார்க்கணும். யார் சம்மதிப்பா? வருஷக்கணக்கா தினமும் சாம்பிள் கொடுத்தது மாக்கிதான். நல்ல செல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே கெட்டது கண்ணுல படும்!

புற்றுநோயையும் இப்படிப் பிடிக்கலாம்னு 1928ல் சொன்னார். யாரும் கண்டுக்கலை. சதையை வெட்டிப் பார்க்க பயாப்ஸி இருக்கே, இது எதுக்குன்னு நினைப்பு. அறிகுறியே இல்லாதவங்களையும் வெட்டாம பார்க்கலாம்ங்கறதுதானே விஷயமே! கர்ப்பப்பை வாயில செல்கள் மாறி புற்றுநோயாக, பொதுவா பத்து வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள பிடிச்சா நோயே வராம தடுத்துடலாம். 1941ல் ஹெர்பர்ட் ட்ராட்டோட சேர்ந்து கட்டுரை எழுதின பிறகுதான் மத்த டாக்டர்கள் திரும்பிப் பார்த்தாங்க.

2021லிருந்து உலக சுகாதார நிறுவனம் ஹெச்.பி.வி. வைரஸ் டெஸ்ட்டைத்தான் முதல்ல செய்யச் சொல்லுது. நியாயம்தான், அது இன்னும் துல்லியம்.

1995ல் கிரீஸ் அடிச்ச 10,000 டிராக்மா நோட்டுல ஒரு பக்கம் பாப்பனிகொலாவ். மறுபக்கம் வைத்தியக் கடவுள் அஸ்க்லீபியஸ். மாக்கிக்கு இடமில்லை போல :-(