தீவகத்தில் குடிநோய்ச் சிகிச்சை: செலவு யாருடைய கணக்கில்?

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குப் பணம் அறவிடப்படுவதில்லை. நெடுந்தீவுக் கடற்றொழிலாளி ஒருவர் குடிநோய்க்குச் சிகிச்சை பெறுவதானால் அவருடைய குடும்பத்துக்கு என்ன செலவாகும் என்பது வேறு கணக்கு. காலைப் படகில் ஏறி ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் போனால் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாக யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு இன்னொரு பேருந்து. திரும்பும் படகைத் தவறவிட்டால் இரவு உறவினர் வீட்டில்தான். அவருடைய ஒருநாள் உழைப்பும் துணைக்கு வந்த மனைவியின் நாளும் போய்விடும். சோளகம் பலத்து வீசினால் படகே ஓடாது. இவற்றில் ஒரு சதமும் வைத்தியசாலையின் செலவுக் கணக்கில் ஏறுவதில்லை. 'சிகிச்சையை இடையில் கைவிட்டார்' என்ற குறிப்பு மட்டும் நோயாளியின் பெயருக்கு எதிரே நிற்கும்.

யாழ்ப்பாணத் தீவகத்தை ஒரே அலகாக எடுத்துச் சராசரி காண்பதும் தவறு. ஊர்காவற்றுறைக்குத் தரைவழி உண்டு, ஆதார வைத்தியசாலையும் உண்டு. நயினாதீவுக்குக் கடல்வழி குறுகியது. யாத்திரிகர்களால் படகுகளும் அடிக்கடி ஓடுகின்றன. நெடுந்தீவின் நிலைமை இவற்றோடு ஒப்பிடக்கூடியதன்று.

குடிநோய்ச் சிகிச்சை எளியவர்களை எட்டுவதையும் அதன் செலவையும் சேர்த்து ஆராய்ந்தவர்களில் உளமருத்துவர் அபிஜித் நட்கர்ணி முக்கியமானவர். கோவாவின் சங்காத் நிறுவனத்தில் அவரும் விக்ரம் பட்டேல் உள்ளிட்டோரும் நடத்திய ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வெளிவந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில், தீங்கு விளையும் அளவுக்குக் குடித்த 377 ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். முன்பு உளநலத்துறைப் பயிற்சி எதுவும் பெறாத உள்ளூர்வாசிகளே பயிற்றப்பட்டு ஆலோசகர்களாயினர். அமர்வுகள் கூடியது நான்கு. மூன்று மாதங்களில் ஆலோசனை பெற்றவர்களில் 36 வீதமானோர் மீண்டனர். மேம்படுத்தப்பட்ட வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 வீதம். மேலதிகமாக ஒருவர் மீள்வதற்கு ஆன செலவு 217 டொலர்.

இந்தத் தொகையை அப்படியே நெடுந்தீவுக்குப் பொருத்த முடியாது. ஆனால் முறை பொருந்தும், இங்கே இன்னும் கூடுதலாகவே பொருந்தும் என்பது என் வாதம். ஆலோசகர் தீவிலேயே வசிப்பவரானால், மேலே சொன்ன குடும்பச் செலவு பெரும்பாலும் இல்லாமற் போகும். யாழ்ப்பாணத்துக்கு இது புதிதுமன்று. போர்க்காலத்திலேயே உளமருத்துவர்கள் தயா சோமசுந்தரம், சிவயோகன் போன்றோர் ஆசிரியர்களுக்கும் கிராம மட்டப் பணியாளர்களுக்கும் உளசமூகப் பயிற்சி அளித்தனர்.

ஒரு எல்லையை மறக்கலாகாது. கோவா ஆய்வு மதுவில் கடுமையாகத் தங்கியிருந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் திடீரெனக் குடியை நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கைநடுக்கமும் வலிப்பும், இரண்டு மூன்று நாளில் உயிராபத்தான பிதற்றல் நிலையும் வரலாம். அந்த நிலையில் ஒருவரைக் கொந்தளிக்கும் கடலில் ஏற்றுவது ஆபத்து. டயசிபாமும் தயமினும் விலை குறைந்த மருந்துகள்; நெடுந்தீவு வைத்தியசாலையில் அவை கையிருப்பில் இருப்பதோடு, அவற்றைக் கொடுத்துக் கண்காணிக்கப் பயிற்சி பெற்றவர்களும் எந்நேரமும் இருக்க வேண்டும்.

வட மாகாணச் சுகாதாரத் துறை அடுத்த திட்டத்தை வரையும்போது படகுக் கட்டணத்தையும் இழந்த நாட்கூலியையும் சிகிச்சைச் செலவாகவே எழுதட்டும். நெடுந்தீவில் நிரந்தர ஆலோசகர் ஒருவரை நியமிப்பதே சிக்கனமான வழி என்பதை அந்தக் கணக்கே காட்டிவிடும்.