ரெண்டு பேரும் ஜெராக்ஸ் எடுத்தவங்கதானே?

2024ல் மேக் கணினிகளுக்கு செக்கோயா பதிப்பு வந்தபோது எங்கள் அலுவலகத்தில் டீ நேரத்தில் ஒரு சின்ன சண்டை. ஜன்னலைத் திரையின் ஓரத்துக்கு இழுத்தால் பாதித் திரையில் அழகாக ஒட்டிக்கொள்ளும் வசதி அதில் புதிதாக வந்திருந்தது. விண்டோஸ் பயன்படுத்தும் நண்பர் சிரித்தார். "இது எங்ககிட்ட விண்டோஸ் 7லயே, 2009லயே இருக்கு. இப்பதான் காப்பி அடிச்சிருக்காங்க." மேக் நண்பருக்குக் கோபம். "விண்டோஸே எங்களைப் பாத்து அடிச்ச காப்பிதானே?" மூன்றாவது ஆள் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரும் ஜெராக்ஸ் எடுத்தவங்கதானே?"

நம்ம ஊரில் அந்த வார்த்தைக்கு இருக்கும் அர்த்தத்தில் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் மூன்று பேரில் யார் சொன்னது சரி? அன்று இரவு ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் வழக்கின் பழைய தீர்ப்பை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். படித்து முடித்தபோது 'யார் திருடன்' என்ற கேள்வியே எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று அந்த வழக்குக்குள் இருந்தது.

ஜெராக்ஸ் வீட்டில் நடந்தது

ஜெராக்ஸ் நிறுவனம் 1970ல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கியது. சுருக்கமாக பார்க். 1973ல் அங்கே உருவான கணினி ஆல்டோ. திரையில் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தலாம், மவுஸ் உண்டு. அதில் ஓடிய ஸ்மால்டாக்கில் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் ஜன்னல்கள் இருந்தன. ஆனால் மவுஸ் ஜெராக்ஸின் கண்டுபிடிப்பு இல்லை. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அதைப் பலர் முன்னால் இயக்கிக் காட்டியிருந்தார். ஆக, 'மூலம்' என்று நாம் சொல்லும் இடமே ஏற்கனவே ஒருவரிடம் வாங்கியதுதான்.

1979 கடைசியில் ஸ்டீவ் ஜாப்ஸும் ஆப்பிள் பொறியாளர்களும் பார்க்குக்குப் போனார்கள். திருட்டுத்தனமாக இல்லை. ஆப்பிள் பங்குச்சந்தைக்கு வருவதற்கு முன்பே அதன் 1,00,000 பங்குகளைச் சுமார் 10 லட்சம் டாலருக்கு வாங்க ஜெராக்ஸுக்கு வாய்ப்பு கிடைத்தது; பதிலுக்கு ஜெராக்ஸ் கதவைத் திறந்தது. பார்க்கில் இருந்த அடீல் கோல்ட்பர்க் மட்டும் காட்டவே கூடாது என்று சண்டை போட்டார். மேலிடத்து உத்தரவு வந்த பிறகுதான் காட்டினார்.

பார்த்துவிட்டு வந்தவர்களில் ஒருவர் பில் அட்கின்சன். ஒரு ஜன்னலுக்குப் பின்னால் பாதி மறைந்திருக்கும் இன்னொரு ஜன்னலில், தெரியும் பகுதியை மட்டும் அந்தக் கணினி வரைவதைப் பார்த்ததாக அவருக்கு ஞாபகம். அவர்களால் முடிகிறதே என்று மண்டையை உடைத்துக்கொண்டு ஆப்பிளின் லிசா கணினிக்கு அதை எழுதி முடித்தார். பிறகுதான் தெரிந்தது, பார்க்கில் அந்த வசதியே கிடையாது! இல்லாத ஒன்றைக் காப்பி அடிக்கப் போய் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டார். திரையின் உச்சியில் நிற்கும் மெனு வரிசை, அதிலிருந்து கீழே விரியும் மெனு, மூன்று பட்டன் மவுஸுக்குப் பதில் ஒரே பட்டன், இதெல்லாமும் ஆப்பிள் சேர்த்தவை.

யோசனைகள் மட்டும் நகரவில்லை, ஆட்களும் நகர்ந்தார்கள். லாரி டெஸ்லர் 1980ல் பார்க்கிலிருந்து ஆப்பிளுக்குப் போனார். சார்லஸ் சிமோனி 1981ல் மைக்ரோசாஃப்டுக்குப் போய் வேர்டுக்கு அடித்தளம் போட்டார். ஜெராக்ஸ் 1981ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டார் கணினியின் விலை 16,595 டாலர். 1984 ஜனவரியில் வந்த மேக்கின்டாஷ் 2,495 டாலர். ஜெராக்ஸ் ஏன் ஜெயிக்கவில்லை என்பதற்கு இதுவே பாதி பதில்.

ஜெம்முக்கு என்ன ஆச்சு?

இந்தக் கதையில் அதிகம் பேர் பேசாத ஒருவர் உண்டு. கேரி கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம். 1985ல் அவர்கள் ஐபிஎம் பிசிக்கு ஜெம் என்ற வரைகலை இடைமுகத்தைக் கொண்டுவந்தார்கள். ஐகான்கள், குப்பைத்தொட்டி, இஷ்டத்துக்கு நகர்த்தக்கூடிய ஜன்னல்கள் என்று பார்க்க அப்படியே மேக் மாதிரி. ஆப்பிள் வழக்குப் போடுவோம் என்று மிரட்டியது. கோர்ட்டுக்கே போகாமல் டிஜிட்டல் ரிசர்ச் பணிந்தது.

அடுத்து வந்த பதிப்பில், கோப்புகளைக் காட்டும் டெஸ்க்டாப்பில் குப்பைத்தொட்டி காணோம். ஜன்னல்கள் இரண்டே இரண்டு. நகர்த்தவும் முடியாது, நினைத்த அளவுக்கு இழுக்கவும் முடியாது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமரசம் அடாரி எஸ்டி கணினியில் இருந்த ஜெம்மைத் தொடவில்லை. அங்கே எல்லாம் பழையபடியே இருந்தது. ஒரே மென்பொருள், ஒரு கணினியில் முழுசாக, இன்னொன்றில் கை கால் கட்டப்பட்டு. பொறியியல் காரணம் எதுவும் கிடையாது. நான் ஒரு பொறியாளன், அதனால் சொல்கிறேன்: வேலை செய்யும் ஒரு வசதியை வக்கீல் நோட்டீஸுக்குப் பயந்து அழிப்பதைவிட வயிற்றெரிச்சல் வேறு இல்லை. நஷ்டம் அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்குத்தான்.

189ல் 179

மைக்ரோசாஃப்ட் கதை வேறு. விண்டோஸ் 1.0 வெளிவந்தது 1985 நவம்பரில். அதில் ஜன்னல்கள் தரையில் பதித்த டைல்ஸ் மாதிரி பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். அதே மாதம் ஆப்பிள் அவர்களுக்கு ஒரு உரிமம் எழுதிக் கொடுத்தது. மேக்குக்கு மைக்ரோசாஃப்டின் மென்பொருள்கள் தேவையாக இருந்த காலம் அது. விண்டோஸ் 1.0ன் திரைத் தோற்றங்களை அப்போதும் இனி வரும் மென்பொருள்களிலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது ஒப்பந்தம்.

1987 கடைசியில் விண்டோஸ் 2.0 வந்தது. இப்போது ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. 1988 மார்ச்சில் ஆப்பிள் வழக்குப் போட்டது; மைக்ரோசாஃப்ட் மேல் மட்டும் இல்லை, நியூவேவ் மென்பொருளுக்காக எச்பி மேலும். தனித்தனி அம்சங்கள் இல்லை, மொத்தத் தோற்றமும் உணர்வுமே எங்களுடையது என்பது அவர்கள் வாதம். நடுவில், 1989 டிசம்பரில், ஜெராக்ஸ் வந்து ஆப்பிள் மேலேயே வழக்குப் போட்டது தனிக் கூத்து. அதில் பெரும்பகுதியை 1990 மார்ச்சிலேயே தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

கோர்ட் மொத்தத் தோற்றம் என்ற வாதத்தை ஏற்கவில்லை. பட்டியல் போடு என்றது. விண்டோஸைப் பொறுத்தவரை 189 அம்சங்கள் பட்டியலில் வந்தன. அதில் 179 பழைய உரிமத்துக்குள்ளேயே அடங்கிவிட்டன. மிச்சம் 10. அதில் முக்கியமானது ஒன்றன்மேல் ஒன்று ஏறும் ஜன்னல். பல ஜன்னல்களைக் காட்ட இரண்டே வழிதான்: பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், இல்லையென்றால் மேலே மேலே அடுக்கலாம். இரண்டே வழி இருக்கும் இடத்தில் ஒரு வழியை ஒருவருக்கு எழுதிக் கொடுத்தால் அது யோசனையையே எழுதிக் கொடுத்தது போல. பதிப்புரிமை யோசனைக்குக் கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான். 1994ல் மேல்முறையீட்டிலும் ஆப்பிள் தோற்றது. 1995ல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்தது.

உழைத்தவன் ஆப்பிள், பலன் இன்னொருவனுக்கா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அட்கின்சன் எழுதிய நிரலை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. விண்டோஸ் அதைத் தானே, தன் கையால், முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே நடந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. விண்டோஸில் வெட்ட ஷிஃப்ட் டிலீட், நகலெடுக்க கன்ட்ரோல் இன்சர்ட், ஒட்ட ஷிஃப்ட் இன்சர்ட் என்று இருந்தது. ஆப்பிளில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகளான இசட், எக்ஸ், சி, வி. 1992ல் வந்த விண்டோஸ் 3.1 அந்த நாலு எழுத்தையும் அப்படியே சேர்த்துக்கொண்டது. இன்று கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி தெரியாத ஆள் உண்டா? கடன் மறுபக்கமும் ஓடியது. எந்த ஓரத்தைப் பிடித்தும் ஜன்னலை இழுக்கும் வசதி விண்டோஸில் பல வருஷமாக இருந்தது. மேக்குக்கு வந்தது 2011ல், லயன் பதிப்பில். அதுவரை வலது கீழ் மூலை ஒன்றுதான்.

அந்தப் பத்து அம்சங்களில் ஆப்பிள் ஜெயித்திருந்தால்? 1996ல் கேடிஇ, 1997ல் க்னோம் என்று லினக்ஸுக்கு டெஸ்க்டாப் எழுதக் கிளம்பியவர்கள் காசில்லாத தன்னார்வலர்கள். டிஜிட்டல் ரிசர்ச்சே ஒரு மிரட்டலுக்குப் பணிந்தது என்றால் இவர்கள் எம்மாத்திரம்? கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அந்த வருஷங்களில் ஆப்பிளைப் புறக்கணித்ததற்கு இந்தப் பயம்தான் காரணம். வழக்கு முடிந்த பிறகே, 1995ல், புறக்கணிப்பைக் கைவிட்டார்கள்.

என் வேலையில் வாரம் ஒருமுறையாவது யாராவது வந்து, "அந்த ஆப்ல இருக்கிற மாதிரியே பண்ணிக் கொடுங்க" என்பார்கள். முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது வருவதில்லை. அது மாதிரி செய்ய எனக்கு அனுமதி இருக்கிறதே, அதுவே ஆறு வருஷம் கோர்ட்டில் இழுபட்ட விஷயம். மறுநாள் டீ நேரத்தில் இதை எல்லாம் சொன்னேன். விண்டோஸ் நண்பர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்போ, பக்கத்தில் பக்கத்தில் ஜன்னல் வைக்கிறது 1985லயே எங்ககிட்ட இருந்திருக்கு, இல்ல?"