நீலமலைப் பனியும் நம் முதியோர் மொழியும்

முன்னோர் வாழ்ந்த வகையை அறியாத சமூகம் வேரறியாத மரம் போன்றது. ஆகையால், மார்கழி, தை மாதங்களில் நம் ஹட்டிகளின் முற்றத்தில் வெயில் காயும் பெரியோர் கூறும் பனிக்காலச் செய்திகளைச் சுருக்கமாக ஈண்டு எழுதுகின்றோம்.

மேகமும் காற்றுமற்ற இரவில் நிலத்தின் வெப்பம் வானிற் கலந்துவிட, குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தங்கும். அங்கே உறைபனி வெண்மையாய்ப் படியும். நம்மவர் வீடுகளை மேட்டுச் சரிவில் வரிசையாகக் கட்டியதன் நன்மை இதனால் விளங்கும்.

ஆதியில் ராகியும் சாமையுமே நம் உணவு. 1819-ல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இம்மலைக்கு வந்தார். அதன்பின் உருளைக்கிழங்கு பரவிற்று. கிழங்கு கைப்பணம் தந்தது உண்மையே. ஆயின் ஓரிரவுப் பனியிற் செடி கருகினால் கடன் மட்டுமே மிஞ்சும். தப்பிய விளைவும் மேட்டுப்பாளையம் மண்டியார் சொன்ன விலைக்கே போயிற்று. இக்குறை நீங்கவே ராவ் பகதூர் ஆரி கவுடர் முதலியோர் முயற்சியால் 1935-ல் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றிற்று. பின்னர்த் தேயிலை பெருகிற்று. அதையும் பனி விட்டபாடில்லை. பள்ளத்துச் செடிகளைத் தழை கொண்டு மூடியே காக்கின்றோம்.

வானத்தைப் பார்த்தே பனியைக் குறிக்கும் மூத்தோர் நம்மிடையே குறைந்து வருகின்றனர். நம் படகு மொழியோ பெரும்பாலும் வாய்மொழியாகவே வழங்கி வந்தது. அவர் அறிவு ஏட்டில் ஏறாவிடில் அவருடனேயே மறையும். ஆதலின் வாலிபர்களே! ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊர் கூடுங்கால் பெரியோர் அருகமர்ந்து கேளுங்கள்; கேட்டதை எழுதி வையுங்கள். சந்ததியார்க்கு நாம் விட்டுச் செல்லத்தக்க பொருள் இதனினும் வேறில்லை.