காரின் உறுப்புகளைச் சொல்லித் தந்த ஒரு பயணம்

கார் பழுதாகி மெக்கானிக்கிடம் போனால், "கிளட்ச் பிளேட் போயிடுச்சு, பிரேக் ஷூ தேஞ்சிருக்கு, பிளக்கையும் மாத்தணும்" என்று அவர் அடுக்கிக்கொண்டே போவார். ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருபவர்களே அதிகம். இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்வது கடினம். ஆனால் ஒவ்வோர் உறுப்பும் எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்று தெரிந்துகொண்டால் அவ்வளவு எளிதில் மறக்காது. அதற்கு 1888-ம் ஆண்டு ஜெர்மனியில் ஒரு பெண்மணி மேற்கொண்ட பயணத்தைத் தெரிந்துகொண்டாலே போதும்.

வாங்க ஆளில்லாத வண்டி

ஜெர்மனியின் மான்ஹைம் நகரைச் சேர்ந்த பொறியாளர் கார்ல் பென்ஸ், பெட்ரோலில் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்றை உருவாக்கி, 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதன் எஞ்சினில் இருந்தது ஒரே ஒரு சிலிண்டர். சக்தி முக்கால் குதிரைத்திறன்தான்.

எஞ்சின் வேலை செய்யும் விதம் இன்றும் அதேதான். சிலிண்டர் என்பது ஒரு குழாய். அதற்குள் போய்வரும் அடைப்பான்தான் பிஸ்டன். பெட்ரோல் ஆவியும் காற்றும் உள்ளே இழுக்கப்படும், பிறகு அழுத்தப்படும், பொறிபட்டு எரிந்து பிஸ்டனைத் தள்ளும், கடைசியில் புகை வெளியேறும். இந்த நான்கு வீச்சு முறையில் இயங்கும் எஞ்சினை 1876-ல் செய்து காட்டியவர் நிக்கோலாஸ் ஓட்டோ. பிஸ்டனின் முன்பின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க் ஷாஃப்ட். நான்கு வீச்சில் ஒன்றுதான் சக்தி தரும். மற்ற மூன்றிலும் எஞ்சின் நின்றுவிடாமல் சுழலவைப்பது ஃப்ளைவீல் என்னும் கனமான சக்கரம்.

வண்டி ஓடியது. ஆனால் வாங்கத்தான் ஆளில்லை. குதிரை இல்லாமல் ஓடும் வண்டியை மக்கள் நம்பவில்லை. கார்லின் மனைவி பெர்த்தா பென்ஸ், திருமணத்துக்கு முன்பே தன் சீர்ப்பணத்தைக் கணவரின் தொழிலில் போட்டவர். வண்டி தோற்றால் குடும்பமே தோற்கும் என்ற நிலை.

1888 ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் விடியற்காலை, கணவரிடம் சொல்லாமலேயே, மகன்கள் ஆய்கன், ரிச்சர்ட் இருவரையும் அழைத்துக்கொண்டு அந்த வண்டியில் பெர்த்தா கிளம்பிவிட்டார். போக வேண்டிய இடம் தாய் வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம். நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். அதுவரை அப்படிப்பட்ட வண்டியில் யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை.

கார்புரேட்டரும் மருந்துக்கடையும்

வழியில் முதலில் தீர்ந்தது எரிபொருள். பெட்ரோல் பங்க் என்பதே இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், கறை நீக்குவதற்காக விற்ற லிக்ராயின் என்னும் திரவத்தை பெர்த்தா வாங்கி ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்தக் கடை இன்றும் பெருமையோடு குறிப்பிடப்படுகிறது.

பெட்ரோல் திரவமாக இருந்தால் சிலிண்டருக்குள் சரியாக எரியாது. அதைக் காற்றோடு கலந்து தருவதே கார்புரேட்டரின் வேலை. பென்ஸ் வண்டியில் பெட்ரோலின் மேல் காற்றை ஓடவிட்டு, அது ஆவியை அள்ளிக்கொண்டு போகும்படி செய்திருந்தார்கள். 1893-ல் வில்ஹெல்ம் மேபாக், நுண்துளை வழியாகப் பெட்ரோலைப் பூந்தூறலாகத் தெளிக்கும் கார்புரேட்டரை உருவாக்கினார். இன்றைய கார்களில் கணினி அளந்து தரும் இன்ஜெக்டர்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது, பெர்த்தா தன் தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார் என்று சொல்லப்படுகிறது.

பொறியும் காலுறைப் பட்டையும்

அடுத்து, மின்கம்பியின் உறை தேய்ந்து மின்சாரம் கசிந்தது. பெர்த்தா தன் காலுறையைப் பிடித்திருந்த பட்டையைக் கழற்றிக் கம்பியில் சுற்றினாராம். சிலிண்டருக்குள் மின்பொறியை உண்டாக்குவது ஸ்பார்க் பிளக். பேட்டரி தரும் குறைந்த மின்னழுத்தத்தைப் பொறி பறக்கும் அளவுக்கு உயர்த்துவது காயில். பொறி சரியான நொடியில் விழாவிட்டால் எஞ்சின் திக்கும், அல்லது நின்றே போகும். 1902-ல் பாஷ் நிறுவனத்தின் கோட்லோப் ஹோனோல்ட் உருவாக்கிய உயர் அழுத்த மேக்னெட்டோவும் ஸ்பார்க் பிளக்கும் இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தன.

மேட்டில் கியர், இறக்கத்தில் பிரேக்

மேடு வந்ததும் வண்டி ஏறவில்லை. மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். சைக்கிளில் மேடு ஏறுபவர்களுக்கு இதன் காரணம் புரியும். வேகத்தைக் குறைத்துக்கொண்டு இழுவிசையைக் கூட்ட வேண்டும். அதற்குத்தான் கியர். வீடு திரும்பிய பெர்த்தா, மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார். அவரும் சேர்த்தார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்துக்குப் போகும் சக்தியைத் துண்டித்து, பிறகு மெல்ல இணைப்பது கிளட்ச். பென்ஸ் வண்டியில் தோல் பெல்ட்டை ஒரு கப்பியிலிருந்து இன்னொரு கப்பிக்கு நகர்த்தி இதைச் செய்தார்கள். முன்னால் எஞ்சின், அடுத்து கிளட்ச், கியர் பாக்ஸ், பின்சக்கரங்களுக்குச் சக்தி என்ற வரிசையை 1891-ல் அமைத்துக் காட்டியது பிரான்ஸின் பனார் லெவாசோர் நிறுவனம். அம்பாசிடர் கார் வரை அந்த வரிசைதான்.

இறக்கத்தில் வேறு பிரச்சினை. சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் மரக்கட்டைதான் அன்றைய பிரேக். இறங்க இறங்க அது தேய்ந்துபோனது. வழியில் ஒரு கிராமத்துச் செருப்புத் தொழிலாளியிடம் சொல்லி, கட்டையின் மேல் தோலை அடிக்க வைத்தார் பெர்த்தா. இன்று "லைனிங் மாத்தணும்" என்று மெக்கானிக் சொல்கிறாரே, அந்த பிரேக் லைனிங்கின் தொடக்கம் இதுதான் என்பார்கள். எண்ணெயின் அழுத்தத்தால் நான்கு சக்கரங்களையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக், அமெரிக்காவின் டூசன்பெர்க் காரில் 1921-ல் வந்தது.

வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பல்சக்கரத் தொகுதியே டிஃபரன்ஷியல். 1828-லேயே பிரெஞ்சுக்காரர் பெக்கர் நீராவி வண்டிக்காகச் செய்திருந்த இதை, பென்ஸும் பயன்படுத்திக்கொண்டார்.

தண்ணீர் இன்னொரு தலைவலி. எஞ்சினைக் குளிர்வித்த தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்ததால், நிற்கும் இடமெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பக் குளிர்வித்து அனுப்பும் ரேடியேட்டர் பிறகுதான் வந்தது. 1901-ம் ஆண்டு மெர்சிடிஸ் காரில் இருந்த தேன்கூட்டு வடிவ ரேடியேட்டர் இதில் பெரிய முன்னேற்றம்.

கையை உடைத்த கைப்பிடி

பெர்த்தா குடும்பம் ஃப்ளைவீலைக் கையால் சுற்றித்தான் வண்டியைக் கிளப்பியது. பின்னால் வந்த கார்களுக்கு முன்பக்கம் ஒரு கைப்பிடி செருகிச் சுற்ற வேண்டும். பொறி முந்திக்கொண்டால் கைப்பிடி எதிர்ப்பக்கம் உதைக்கும். மணிக்கட்டும் தாடையும் உடைந்தவர்கள் பலர். இதற்கு முடிவு கட்டியவர் சார்லஸ் கெட்டரிங். காசாளர் எந்திரத்துக்கு மின்மோட்டார் செய்த அனுபவம் அவருக்கு இருந்தது. எஞ்சினைக் கிளப்பச் சில நொடிகள்தான் மோட்டார் ஓட வேண்டும், எனவே சிறிய மோட்டாரே போதும் என்று கண்டார். அவருடைய ஸ்டார்ட்டர் மோட்டார் 1912-ம் ஆண்டு கேடிலாக் காரில் இடம்பெற்றது.

பயணத்தின் பலன்

அன்று மாலையே பெர்த்தா ஃபோர்ட்ஸ்ஹைம் சேர்ந்து கணவருக்குத் தந்தி கொடுத்தார். அடுத்த மாதம் மியூனிக் கண்காட்சியில் அந்த வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. மெல்ல வாங்குபவர்களும் வரத் தொடங்கினார்கள்.

இன்றைய மின்சாரக் கார்களில் கார்புரேட்டரும் இல்லை, ஸ்பார்க் பிளக்கும் இல்லை, கிளட்ச்சும் இல்லை. ஆனாலும் பிரேக் லைனிங் இருக்கிறது. சீர்ப்பணத்தையும் துணிச்சலையும் முதலாகப் போட்ட ஒரு பெண், ஒரு கிராமத்துச் செருப்புத் தொழிலாளியின் உதவியோடு சேர்த்த உறுப்பு அது. அடுத்த முறை மெக்கானிக் அந்தப் பெயரைச் சொல்லும்போது, அவர்கள் இருவரும் நினைவுக்கு வந்தால் நல்லது.