தாருல் அர்கம்: ஒரு வீட்டின் வரலாறு

ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் ஸஃபாவில் ஏறி நின்று ஸஃயைத் தொடங்குகின்றனர். அந்தக் குன்றை ஒட்டி ஒரு வீடு இருந்தது. அது அர்கம் இப்னு அபில் அர்கம் (ரலி) அவர்களின் வீடு.

மக்கா அன்று மலைகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர். யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்பது எவருக்கும் மறையாது. ஆயினும் நபி (ஸல்) அவர்கள் இவ்வீட்டிலமர்ந்து மார்க்கத்தைப் போதித்தார்கள். அர்கம் (ரலி) அப்போது இளைஞர். பனூ மக்ஸூம் கோத்திரத்தவர். அபூஜஹ்லும் அதே கோத்திரம்தான்! அம்மார் (ரலி), ஸுஹைப் (ரலி) இருவரும் இதன் வாசலில் தற்செயலாகச் சந்தித்து, ஒன்றாக உள்ளே சென்று கலிமா மொழிந்தனர். உமர் (ரலி) இஸ்லாத்தைத் தழுவியதும் இங்கேதான். ஆரம்ப கால ஸஹாபிகளின் காலத்தைக் குறிக்கும்போது, நபியவர்கள் இவ்வீட்டுக்குள் சென்றதற்கு முன்னா பின்னா என்றே இப்னு ஸஅத் (ரஹ்) கணக்கிடுகிறார்கள்.

பிற்காலத்தில் அர்கம் (ரலி) இவ்வீட்டைத் தம் மக்களுக்கென ஸதகாவாக எழுதி வைத்தார்கள். நாம் வக்ஃபு என்பது இதைத்தான். அதை விற்கவும் கூடாது, வாரிசுரிமையாகப் பங்கிடவும் கூடாது என்பது நிபந்தனை. சாட்சிகள் இருவர்: ஒருவர் குறைஷித் தலைவரின் மகனான ஹிஷாம் இப்னுல் ஆஸ் (ரலி), மற்றவர் அவரால் உரிமை விடப்பட்ட அடிமை. அந்த இரண்டாமவரின் பெயர் ஏட்டில் தங்கவில்லை, சாட்சியம் தங்கிவிட்டது.

ஹிஜ்ரி 55ல் அர்கம் (ரலி) மதீனாவில் வஃபாத்தானார்கள். மக்களும் பேரர்களும் வீட்டில் குடியிருந்தும் வாடகைக்கு விட்டும் பலன் அனுபவித்தனர். அப்பாஸிய கலீஃபா அபூஜஅஃபர் மன்ஸூர் காலம்வரை இது நீடித்தது.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! அடுத்து நடந்ததை அர்கமின் சந்ததியில் வந்த யஹ்யா என்பவரே அறிவிக்கிறார். கலீஃபா ஹஜ்ஜுக்கு வந்து ஸஃயு செய்கிறார். அர்கமின் குடும்பத்தார் வீட்டு மாடியில் கூடாரமிட்டு அமர்ந்திருக்கின்றனர். கலீஃபா கீழே நடக்கிறார். கை நீட்டினால் அவரது தொப்பியையே எடுத்துவிடலாம், அவ்வளவு அருகில். பள்ளத்தாக்கில் இறங்கியது முதல் ஸஃபாவில் ஏறும்வரை அவர் பார்வை இவர்கள் மீதே இருந்தது. வீட்டின் மீது அவருக்கு ஆசை விழுந்தது அன்றுதான் என்கிறார் யஹ்யா.

ஹிஜ்ரி 145ல் (கி.பி. 762) முஹம்மது நஃப்ஸுஸ் ஸகிய்யா மதீனாவில் கிளர்ந்தெழுந்தார். அர்கமின் பேரர் அப்துல்லாஹ் இப்னு உஸ்மான் அவரை ஆதரித்தார். ஆனால் போருக்குச் செல்லவில்லை. அதுவே போதுமானதாயிற்று! அவரைச் சிறையிலிட்டு இரும்பு விலங்கு பூட்டும்படி ஆளுநருக்குக் கட்டளை வந்தது. பிறகு கூஃபாவிலிருந்து கலீஃபாவின் ஆள் ஒருவர் சிறைக்குள் சென்றார். எண்பது வயதைக் கடந்த முதியவர் விலங்கின் பாரத்தில் சோர்ந்து கிடந்தார். வீட்டை விற்றால் விடுதலை என்று பேரம் பேசப்பட்டது.

அது ஸதகா ஆயிற்றே என்பதுதான் முதியவரின் முதல் பதில். தம்முடன் சகோதரர்களும் பங்காளிகள் என்றும் கூறினார். உம் பங்கை மட்டும் கொடும் என்றார் வந்தவர். 17,000 தீனாருக்கு எழுதிக் கொடுத்து முதியவர் வெளியே வந்தார். பின்னர் சகோதரர்களையும் பெரும்பணம் காட்டி இணங்க வைத்தனர்.

பத்திரத்தின் வாசகம் தெளிவானது, சாட்சிகளோ ஸஹாபி காலத்தவர்கள். இருந்தும் வக்ஃபு கைமாறியது. அந்த முதியவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. விலங்கு ஏதுமின்றி, அதிகாரியின் மிரட்டலுமின்றி, பாட்டனார் வக்ஃபு செய்த தோப்பையும் கடையையும் கிரயம் பேசுகிறவர்கள் நம் ஊர்களிலேயே உண்டு.

கலீஃபா மஹ்தி அவ்வீட்டைத் தம் துணைவியும் ஹாரூன் ரஷீதின் தாயாருமான கைஸுரானுக்கு வழங்கினார். அவர் அதைப் புதுப்பித்துக் கட்டினார். அது முதல் தாருல் கைஸுரான் என்ற பெயரும் அதற்கு வழங்கலாயிற்று. அதற்குப் பிறகும் பல கைகள் மாறியது. 1955ல் தொடங்கிய ஹரம் விரிவாக்கத்தின்போது வீடு இடிக்கப்பட்டது.