செந்தேவாங்கு

இலங்கையின் தென்மேற்குப் பகுதியில், வருஷம் முழுவதும் மழையில் நனைந்து கிடக்கும் சிங்கராஜா முதலிய வனங்களில் வசிக்கும் மிகச் சிறிய இராத்திரிசரப் பிராணி. குரங்கினத்தோடு சேர்த்துப் பேசப்படினும், ஈரமூக்கும் இருளில் ஒளிரும் விழிகளும் உடைய இது, பிராணி சாஸ்திரப்படி மடகாஸ்கர் தீவின் லெமூர்களுக்கே நெருங்கிய உறவாகும். 1758-லேயே விஞ்ஞானி லின்னேயஸ் இதனை விவரித்திருந்தும், எடை பெரும்பாலும் 200 கிராமைத் தாண்டாததும் வாலற்றதுமான இந்தச் சரீரம் பகலெல்லாம் அடர்ந்த தழைகளுள் சுருண்டு உறங்குவதால், பக்கத்து ஊரார்கூடப் பார்த்திருப்பது அபூர்வம். இரவில் தாவாமல் கிளைக்குக் கிளை பற்றி நடந்து பூச்சிகளையும் பல்லிகளையும் பிடித்துண்ணும். ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த மலைக்காட்டில் வாழும் ரோமம் செறிந்த உபஜாதி, 1937-இல் முதன்முதலில் காணப்பட்டுப் பின் மிக அரிதாகவே தென்பட்டு, அழிந்தே போயிற்று என்று பலர் கருதியிருந்த நிலையில், அதன் புகைப்படங்கள் 2010-இல் வெளியாகி ஆராய்ச்சியாளரை வியக்க வைத்தன.

தமிழ்நாட்டின் வறண்ட முட்காடுகளில் உள்ளது இதன் சற்றே பெரிய சகோதர இனமான சாம்பல் தேவாங்கு. மெலிந்தவரைத் தேவாங்கு என்று ஏசும் நம் வழக்கம் குரூரமாயினும் விளையாட்டே; அதன் கண்களுக்கு மருத்துவ, மாந்திரீக சக்தி உண்டென்று நம்பி அதைப் பிடித்து வதைப்பதோ மன்னிக்கத் தகாத மூடத்தனம். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இடம்பெற்றுள்ளது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்புள்ள கடவூர்ச் சரணாலயம், தேவாங்குக்கெனவே இந்தியாவில் முதன்முதலாக 2022-இல் அறிவிக்கப்பட்டது.